அட்டை இல்லாத நாள்

ரெஜினா வாய் திறப்பதற்கு முன் அவள் கழுத்தில் தொங்கும் அட்டை ஏற்ற இறக்கமில்லாத குரலில் பேசிவிடும். "இவர் மனநல ஆய்வின் ஊழியர். உங்கள் பதில்களால் இவருக்குச் சம்பளம் கிடைக்கிறது." நெறிமுறைக் குழுவின் உத்தரவு. அதற்குப் பிறகுதான் அவள் "சாப்பிட்டியளா அண்ணாச்சி?" என்றுகூடக் கேட்கலாம்.

ஆய்வுக்குப் பதில் சொல்பவர்களில் ஒருவரான இக்னேஷியஸ், மனைவி இறந்ததிலிருந்து அவளைத் தவிர வேறு யாருக்கும் கதவைத் திறப்பதில்லை. வாராவாரம் அவள் வரும்போது அட்டை சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்பார். பிறகு அவளிடம் மனம்விட்டுப் பேசுவார்.

போன மாதம் ஆய்வு முடிந்தது. அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூத்துக்குடி முழுக்க வேலை தேடி அலுத்துப்போனவள், இன்று அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு மெலிந்திருந்தார். அவர் கண் அவளுடைய கழுத்தைத் தேடியது.

"அட்டை எங்க?"

"இன்னைக்கு சும்மா ஒங்களப் பாக்கத்தான் வந்தேன் அண்ணாச்சி."

"சும்மா யாரு வருவா? ஒனக்கு என்ன கிடைக்கும், அதச் சொல்லு."

"ஒண்ணும் கிடைக்காது."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ரெஜினா கதவில் நெற்றியைச் சாய்த்தாள். பிறகு அட்டையின் அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் பொய் சொன்னாள்.

"நான் மனநல ஆய்வின் ஊழியர். உங்கள் பதில்களால் எனக்குச் சம்பளம் கிடைக்கிறது."

தாழ்ப்பாள் விலகியது.

"அப்படிச் சொல்லு தாயி, உள்ள வா," என்றார். "நேத்தையிலிருந்து நான் ஒண்ணுமே சாப்பிடல."