பார்க்டேல் விலாசம்

“ஆர் கேட்டாலும் நம்மட வீடு பார்க்டேல். விளங்கிச்சா?” என்றான் வீரக்குட்டி.

தவமலர் எரிந்த திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “இல்லங்க, நான் இன்சூரன்ஸ் எடுக்கக்குள்ள...”

“நீ வாயத் திறக்காத. இமிகிரேசனுக்கும் அந்த அட்ரஸ்தான் குடுத்திரிக்கம். வேனுக்குள்ள சீவிக்கிறம் எண்டு தெரிஞ்சா அகதிக் கேசும் போகும், காசும் போகும்.”

பார்க்டேலில் இருந்தது அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணனின் அடுக்குமாடி வீடு. அங்கே அவர்களுக்குக் கடிதம் மட்டும் வரும். அவர்கள் வாழ்ந்தது, வெக்ஸ்போர்ட்டில் ஒரு கராஜின் பின்வளவில் நின்ற பழைய வேனுக்குள். கட்டிலும் அடுப்பும் வைத்துக் கட்டிய வேன். தைப்பொங்கலன்று உள்ளே பாதி எரிந்துவிட்டது. இப்போது முன் இருக்கைகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். இன்சூரன்ஸ் காசு வந்தால்தான் திருத்தலாம்.

இன்சூரன்ஸ் கொம்பனிக்காரர் பனியை மிதித்துக்கொண்டு வந்தார். உயரமான வெள்ளைக்காரர். மொழிபெயர்க்க அமிர்தநாதர் கூட வந்தார்.

“எப்பிடிப் பத்தினதெண்டு கேக்கிறார்.”

“பால் பொங்கிச்சு.”

“ஏன் நெருப்பைக் குறைக்கேல்லையாம்?”

வீரக்குட்டி சிரித்தான். “பொங்கலெண்டா வழியத்தானே வேணும், அண்ணை? நான்தான் அடுப்பக் கூட்டி விட்டன். திரைச்சீலையில பிடிச்சிட்டு.”

அமிர்தநாதர் விளக்கினார். வெள்ளைக்காரர் கவனமாகக் கேட்டார்.

“பொங்கல் அவரவர் வீட்டிலதானே பொங்குறது, அப்ப இதுதான் உங்கட வீடோ எண்டு கேக்கிறார்.”

வீரக்குட்டி உஷாரானான். “சேச்சே. வீடு பார்க்டேல்ல. அங்க இடம் காணாது, அதான் இஞ்ச பொங்கினம்.”

வெள்ளைக்காரர் கட்டிலைக் காட்டினார்.

“தலையணை கிடக்காம்.”

“கோடையில பயணம் போனம். எடுத்து வைக்கல்ல.”

“கொடியில சீலை காயுதாம்.”

“அது... துடைக்கிற துணி.”

தவமலர் தன் நல்ல சேலையைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

வெள்ளைக்காரர் அவள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். பொம்பிளையின்ட வாயக் கிண்டுறான், என்று வீரக்குட்டி நினைத்தான்.

“ராவில எங்க படுக்கிறனீங்கள், பிள்ளை? பயப்பிடாமல் சொல்லட்டாம்.”

அவள் கணவனைப் பார்த்தாள். “பார்க்டேல்ல.”

“எத்தினையாம் மாடி?”

“நாலாம் மாடி.”

வெள்ளைக்காரர் கரிந்த கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

“கடைசியாய்க் கேக்கிறாராம், தம்பி. வடிவாய் யோசிச்சுச் சொல்லட்டாம்.”

“ஒரு ராவுகூட இதுக்குள்ள படுத்ததில்ல, அண்ணை. கண்ணாண.”

வெள்ளைக்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். காரியம் முடிந்தது என்று வீரக்குட்டி நினைத்தான். தவமலரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளைக்காரர் கைகொடுத்தார். ஏதோ சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

“என்னவாம், அண்ணை? காசு எப்பவாம்?”

“உம்மட மனிசி இன்சூரன்ஸ் எடுக்கேக்கை, இதுதான் எங்கட வீடெண்டு உண்மையைச் சொல்லித்தான் எடுத்திருக்கிறா. உள்ளுக்குக் குடியிருக்கிறவைக்குத்தான் அந்தக் காசாம். பதிலைத் தான் சொல்லிக் குடுக்கக் கூடாதெண்டுதான் திரும்பத் திரும்பக் கேட்டவராம்.”

அமிர்தநாதர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

“நாலாம் மாடியில சுகமாய் இருக்கட்டாம்.”