மாடியில் நடப்பது

கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் சாய்வு நாற்காலியில் அண்ணன். சோபாவில், மாடிப்படிக்கு முதுகைக் காட்டியபடி அக்கா. அதே சோபாவின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே தொங்க அத்தான். வாசல் கதவை ஒட்டிய முக்காலியில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடத் தோதாக, வீட்டுத் தரகர்.

ஐந்தாவது ஆளை அந்த வீட்டில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவள் மாடிப்படியின் உச்சியில், ஒருக்களித்த கதவுக்குப் பின்னால், மடியில் எழுதுபலகையோடு இருந்தாள்.

அவள் பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். குழந்தையின் பாதி முகம் மை கொட்டினாற்போல் கறுத்திருந்தது. தாயை முழுங்கிய முகம் என்றார் அப்பா. குழந்தையும் பிழைக்கவில்லை என்று தெருவுக்குச் சொல்லிவிட்டு, அவளை மாடிக்கு ஏற்றிவிட்டார்.

சத்தமில்லாமல் நடக்கவும், இருமல் வந்தால் தலையணையில் முகம் புதைக்கவும் அவரே பழக்கினார். அவள் பக்கத்தில் நடந்து போனால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.

எழுதக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பாசத்தால் அல்ல. அண்ணன் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஆகவே குடும்பத்துக் கடிதமெல்லாம் கூடையில் மேலே ஏறி, அவள் கையால் திருந்தி, கூடையில் கீழே இறங்கும்.

அப்பா கண்ணை மூடியதும் வக்கீலுக்குப் போன கடிதமும் அப்படித்தான். வாரிசுகள் இருவர் என்று அண்ணன் கீழிருந்து சொன்னான். அவள் ஒரு பிழையில்லாமல் எழுதி இறக்கினாள்.

இப்போது வீட்டை விற்க வேண்டும். விற்றால் அவளுக்கு அக்கா வீட்டுச் சாமான் அறை. அதற்கு ஜன்னல்கூடக் கிடையாது.

ஆனால் வீடுதான் விலை போகமாட்டேன் என்றது. வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாதிப் படியில் திரும்பி ஓடினார்கள். மேலே மரக்கட்டைச் செருப்பு நடந்தது. அப்பா நடையேதான் என்றாள் அக்கா. அண்ணன் ஒருமுறை துணிந்து மாடிக்குப் போய்ப் பார்த்தான். தங்கை வெறுங்காலோடு, தலை நிமிராமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அவன் போன வேகத்தைவிட வேகமாக இறங்கி வந்தான்.

கடைசியாக வந்தவர் ஓடவில்லை. மேலே நடப்பது யார் என்று பிள்ளைகள் கையெழுத்திட்டு எழுதித் தந்தால் வாங்குகிறேன் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

எலி என்று எழுதலாமே என்றார் அத்தான். எத்தனையோ வீடு விற்றிருக்கிறேன், செருப்புப் போட்ட எலியை நான் பார்த்ததில்லை என்றார் தரகர். அப்படியானால் வேலைக்காரி என்றான் அண்ணன். வேலைக்காரி என்றால் ஒரு நாளாவது கடைகண்ணிக்கு வந்திருக்க மாட்டாளா என்று கேட்டுவிட்டு, தரகர் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

அக்கா நெடுநேரம் யோசித்தாள். செத்தவரை மறைக்க வேண்டுமானால் இருப்பவளைக் காட்டித்தான் ஆகவேண்டும். அண்ணன் காதில் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

"கீழ வாடி," என்றாள், திரும்பாமலேயே. "மேல நடக்கறது எங்க கூடப்பொறந்த தங்கச்சின்னு எழுது."

அவள் இறங்கி வந்தாள். வெறுங்கால். ஒரு சத்தமில்லை.

தரகரின் தேநீர் மடியில் கொட்டியது. பிறகு, யாரும் சொல்லாமலே, அவர் எழுந்து நின்றார்.

அவள் நின்றபடியே எழுதினாள். சொன்னதற்கு மேல் ஒரு சேதி கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாசித்துக் காட்டினாள்: எங்கள் வீட்டு மாடியில் நடப்பவர் எங்கள் உடன்பிறந்த தங்கை.

எந்தக் கடிதத்துக்கும் ஒரு நகல், இரண்டிலும் கையெழுத்து. அப்பா போட்ட சட்டம். பழக்க தோஷத்தில் அண்ணனும் அக்காவும் இரண்டிலும் போட்டார்கள். ஒரு நல்ல பொய் கிடைத்த நிம்மதி இருவர் முகத்திலும் தெரிந்தது.

தரகருக்கு மட்டும் தொழில் தெரியும். மூன்றாவது பிள்ளை கையெழுத்துப் போடாமல் இனி இந்த வீட்டின் ஒரு செங்கல்லும் நகராது. சொல்ல வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

நகலை அவள் இடுப்பில் செருகிக்கொண்டு, கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, தரகர் சொன்ன விலாசத்தை எழுதினாள். தரகரிடம் கொடு என்று அக்கா கை காட்டினாள்.

தானே போய்த் தபாலில் போடுவதாகச் சொன்னாள் அவள். காலுக்கு ஏதாவது போட்டுக்கொள்ள மாடி ஏறினாள். வெளியே போகாதவளுக்குச் செருப்பு யார் வாங்கித் தந்தார்கள்? அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு ஜோடி. அப்பா போன பிறகு அதை யாரும் தேடவில்லை.

டக்.

அக்கா அத்தானின் கையைப் பிடித்தாள்.

டக், டக்.

படிப்படியாக, அவசரமில்லாமல் அது இறங்கியது. கூடத்தைக் கடந்தது. அண்ணன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தான். காலுக்குப் பெரிதான மரக்கட்டைச் செருப்பையும், அதற்கு மேலே முக்காடில்லாத முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

தரகர் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

நடுப்பகல் வெயில். எதிர்க்கடைத் தையல்காரரின் மெஷின் நின்றது. யாரம்மா நீ, எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டார்.

"இந்த வீட்டுக் கடைசிப் பொண்ணு. எங்க அண்ணனே எழுதிக் கொடுத்திருக்கார்."

தெருமுனை வரை டக், டக் என்று நடந்தாள். கடிதத்தைப் பெட்டிக்குள் நுழைத்தாள். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.