இருபத்திரண்டு விநாடி

சோல் இசைப் பாடகி மேனுஷா, மேடையில் ஒரு சுரத்தை ஒரே மூச்சில் இருபத்திரண்டு விநாடி பிடித்துப் பெயரெடுத்தவள். தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காக அவள் ஆல்பத்தைத் தள்ளிப்போடவில்லை. பாட முடியாததை சிந்தசைசரில் வாசிப்பதென்று முடிவெடுத்தாள். லண்டனின் சட்டன் பகுதியில் நண்பன் ரதீசனின் கராஜ்தான் ஸ்டூடியோ. தினமும் காலை பத்து மணிக்கு நோட்டும் பேனாவுமாக வந்துவிடுவாள்.

அது பழைய சிந்தசைசர். ஒரே நேரத்தில் ஆறு சுரம்தான் ஒலிக்கும். ஏழாவது கட்டையை அழுத்தினால் முதலாவது நின்றுவிடும்.

வியாழக்கிழமை கடைசிப் பாட்டை வாசித்தாள். பதிவைக் கேட்ட ரதீசன் ஹெட்போனைக் கழற்றினான்.

"ஆறு கட்டைதான் அமத்தினீர். ஏழு சுரம் கேக்குது. மேல் சுரத்தை அழிக்கட்டோ?"

மேனுஷா எழுதிக் காட்டினாள்: "ஒண்டையும் அழிக்காதையும். திரும்ப வாசிக்கிறன், பதியும்."

ஐந்து கட்டைகளை அழுத்தினாள். ஆறு கேட்டன. மூன்றை அழுத்தினாள். நான்கு கேட்டன. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. ஒன்றை அழுத்தினாள், இரண்டு கேட்டன. பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்று கேட்டது.

ரதீசன் சிந்தசைசரின் பிளக்கைக் கழற்றினான். சுரம் அசையவில்லை. பதிவை நிறுத்த அவன் கை கம்ப்யூட்டருக்குப் போனது. மேனுஷா அதைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுரம் தொடங்கியதிலிருந்து திரையில் ஓடிய விநாடிகளை எண்ணினாள்.

இருபத்திரண்டில் சுரம் நின்றது. மூச்சை உள்ளே இழுத்தது. மறுபடி தொடங்கியது.