கதவை மூடும் விரல்

குடியிருப்பில் குப்பை எடுக்கும் அஞ்சலை வாளியோடு லிஃப்டை நோக்கி வந்தாலே சௌதாமினியின் கட்டைவிரல் தானாகக் கதவை மூடும் பொத்தானுக்குப் போய்விடும். ஒருநாள் காலை, லிஃப்ட் கண்ணாடியில் தன் விரலைத் தானே கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் சௌதாமினி. அன்று மாலையே குடியிருப்போர் கூட்டம்.

"வேலைக்காரங்க இனிமே எட்டு மாடியும் படியேறித்தான் வரணும். யாருக்காவது ஆட்சேபணை?" என்றார் தலைவர்.

சௌதாமினி எழுந்தாள். "எனக்கு இருக்கு சார். மூணு வருஷமா அஞ்சலையக்கா மூஞ்சிக்கு நேரா கதவை மூடினவ நான். அதுவே கேவலம். இதுல தீர்மானம் வேறயா?"

தலைவர் தீர்மானத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அஞ்சலை வாளியோடு லிஃப்டுக்கு வெளியே தயங்கி நின்றாள்.

"உள்ள வாங்கக்கா."

சௌதாமினி திறக்கும் பொத்தானை அழுத்தியபடியே நின்றாள். மேல்மாடியில் லிஃப்டுக்குக் காத்திருந்த யாரோ பொறுமையிழந்து லிஃப்ட் கதவைத் தட்டினார்கள். அவள் விரலை எடுக்கவில்லை.