சத்தம் போடும் பெட்டி

அந்த அம்மாவின் பட்ஜெட்டுக்குள் இரண்டே ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டர்கள்தான் அடங்கின. கடைக்காரர் பொறுமையாக விளக்கினார்.

"இது சத்தமே போடாதும்மா. அதுவும் இதே விலைதான். ஆனா கேம் ஆட ஆரம்பிச்சா உள்ளே சூடாகும், அந்தச் சூட்டை வெளியே தள்ள ஃபேன் இரையும். அடுத்த ரூமுக்கே கேட்கும்."

"அப்போ அதையே கொடுங்க."

கடைக்காரர் சிரித்தார். "புரியுது. படிக்கிறேன்னு கதவைச் சாத்திக்கிட்டுப் பையன் ஆடினா, கையும் களவுமா பிடிச்சிடலாம்."

"ஆமாங்க. பழைய கம்ப்யூட்டர்ல பல தடவை ஏமாந்துட்டேன்."

"ரொம்பத் திட்டாதீங்க. சின்னப் பையன்தானே?"

"சின்னப் பையனா? ஆளுக்கு ஒரு மணி நேரம்னுதான் பேச்சு. சத்தமில்லாம என் ஒரு மணி நேரத்தையும் சேர்த்து ஆடிடுறான்."