பின்னாலிருந்து எடுத்த படம்

“இடைவெளி விடாம, காலோட கால் சேர்த்து நில்லுங்க” என்று இமாம் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

கண்ணாடிக் கடைக்காரர் தம் வலக்காலை நகர்த்தினார். பிந்தி வந்து பக்கத்தில் நின்றவரின் பாதத்தோடு அது சேர்ந்தது.

அந்தப் பாதம் விறைத்துக் கிடந்தது. ஒதுங்கவும் இல்லை, இணங்கவும் இல்லை.

தொழுகை தொடங்கியது. கடைக்காரரின் மனம் மட்டும் சட்டைப்பையிலிருந்த கைபேசியில் இருந்தது.

காலையில் முகநூலில் அவர் ஏற்றிய பதிவுக்கு வந்த சிரிப்புகளெல்லாம் அங்கே அதிர்ந்துகொண்டிருந்தன. இதே பள்ளிவாசலின் கடைசி வரிசையில், தொழுகையில் உட்காரும் இருப்பு நிலையில் ஒரு காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டியிருந்த ஒருவரின் படம். அதன் கீழே அவர் எழுதியது:

‘படைத்தவன் முன்னாலும் கால் நீட்டும் சோம்பேறியே! உன் முதலாளி முன்னால் இப்படி உட்காருவாயா?’

உறங்குகிறவர்களை மார்க்கத்தின் பேரால் உலுக்க வேண்டாமா? உலுக்கினார். ஊரே சிரித்தது.

கடைசி இருப்பு வந்தது.

பக்கத்திலிருந்தவரின் கால் மடங்கவில்லை. மெல்லச் சறுக்கிப் பக்கவாட்டில் நீண்டது.

சாம்பல் நிறக் காலுறை. குதிகாலில் கறுப்பு நூல் தையல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தத் தையலைக்கூடக் கடைக்காரர் பார்க்காமல் விடவில்லை.

கால்சட்டையின் விளிம்பு ஏறியிருந்த இடத்தில் தோல் இல்லை. இரும்புத் தண்டு இருந்தது.

தொழுகையை முடிக்க முதலில் வலப்பக்கம் முகம் திருப்பி, உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று சலாம் சொல்ல வேண்டும். வலப்பக்கம் இருந்தவர் அவர்தான். தினமும் தடையின்றி உருண்ட சொல்லுக்கு அன்று நா எழவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

அந்த மனிதர் நகர்ந்து வந்து, தணிந்த குரலில் கேட்டார்:

“அண்ணே, நீங்க விவரம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கீங்க. நான் உக்கார்றது தப்புன்னு யாரோ போன்ல படம் போட்டிருக்கார். திட்டினாலும் நல்ல மனுஷன், முகம் தெரியாமத்தான் போட்டிருக்கார். இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படி உக்காரணும்னு கொஞ்சம் சொல்லித் தாங்களேன்.”

முகத்தை மறைத்தது மரியாதையா? முன்னால் போய், ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்கத் துணியாதவர்தானே முதுகுக்குப் பின்னால் நின்று படம் எடுத்தார்!



சட்டைப்பை மறுபடி அதிர்ந்தது. இன்னும் யாரோ சிரிக்கிறார்.