ஒட்டுக்கு ஒன்றுமில்லை

காதுக்குப் பின்னால் சொறிந்துவிடச் சொன்னார் அருளப்பன். சொறிந்த மனைவி ரெஜினாவின் விரல் நனைந்தது. மூளை அறுவைக்குப் பின் மண்டையை மூடித் தைத்திருந்த ஒட்டின் ஓரம் கசிந்தது; ஆய்வகத்தில் வளர்த்த உயிர்த்தசை அது, தன் நிலையைத் தானே டாக்டருக்குத் தெரிவிக்கும்.

"தண்ணி வடியுது சிஸ்டர். கட்டைப் பிரிச்சுப் பாருங்க."

"ஒட்டு நல்லாருக்குன்னு அதுவே சேதி அனுப்புதேம்மா. அது கூப்பிடாம டாக்டர் வர மாட்டாரு," என்றாள் நர்ஸ்.

மூளையில் சீழ் வைத்து அருளப்பன் இறந்தார். பிணவறையில் ஒருவன் ஒட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான்.

"அடுத்த பேஷண்ட்டுக்கு வேணும்மா. இதுல ஒரு குறையும் இல்ல."

"ஆமா, செத்தது எம்புருசன்தானே. உங்க தசைக்கு என்ன கேடு?"

பெட்டியைப் பிடுங்கித் திறந்து, வீசி எறிய ஒட்டைக் கையில் எடுத்தாள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.